பென்ஷன் வந்தவர் வீடு

(அருப்புக்கோட்டையில் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் கூடிய அவையில் ஆற்றிய உரை, அச்சுக்காகச் சற்றே செப்பம் செய்யப்பட்டது.)



முன்வரிசை நாற்காலிகளில் பட்டாளத்தில் இருந்து வந்த ஐயாமார் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பெண்கள் பின்னால், சுவரை ஒட்டி இருக்கிறார்கள். எனக்குக் கொடுத்த தலைப்பு 'முன்னாள் படைவீரரும் குடும்ப நலமும்'. நான் பேசப்போவதில் பாதிக்கு மேல் பின்னால் இருப்பவர்களுக்கானது. அங்கே குரல் எட்டவில்லை என்றால் உடனே சொல்லிவிடுங்கள்.

மனநலச் சமூகப் பணியாளராக இந்தப் பக்கத்து ஊர்களில் வேலை பார்த்தவள் நான். மருந்து எழுதும் அதிகாரம் எனக்குக் கிடையாது. வீட்டுக்குப் போவேன், திண்ணையில் உட்காருவேன், சொல்வதைக் கேட்பேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியவரைக் கூட்டிப்போவேன். பட்டாளத்து வீடுகளுக்குள் நான் போனது பெரும்பாலும் வேறு காரியமாகத்தான். பிள்ளை பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறான் என்று போயிருப்பேன்; அம்மாவுக்குத் தூக்கமே இல்லை என்று போயிருப்பேன். பழகின பிறகுதான் உள்ளறையில் ஒருவர் படுத்திருப்பது தெரியவரும். "அவுக பட்டாளத்துல இருந்து பென்ஷன் வந்தவுக" என்பார்கள். அதற்குமேல் பேச்சு நின்றுபோகும்.

இந்த மண்ணைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெளியூரில் அச்சில் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் வரைக்கும் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் பருத்தி, மல்லி, மிளகாய், சோளம், கம்பு. பெய்யாவிட்டால் வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம் போடுவது. டவுனில் தறியும் நூற்பாலையும் உண்டு. மேற்கே போனால் பட்டாசும் தீப்பெட்டியும். இவற்றை விட்டால் போலீஸ், பட்டாளம். விடிகாலையில் கண்மாய்க்கரையில் ஓடிப் பழகும் பையன்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். ஆள் எடுக்கும் முகாமில் 1,600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால்தான் முழு மதிப்பெண் கிடைக்கும். நாட்டுப்பற்று அவனுக்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. அவன் ஓடுவதற்கு முதல் காரணம் நிலம் கைவிட்டது என்பதை மறந்துவிட்டால், திரும்பி வரும்போது அவனுக்கு என்ன காத்திருக்கிறது என்பது நமக்குப் புரியாது.

பதினெட்டு வயதில் போனவர் 15 ஆண்டு முடித்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறுகிறார். பெரும்பாலும் 35-க்கும் 45-க்கும் இடையில் ஊருக்கு வந்துவிடுகிறார். அரசு ஆசிரியர் ஓய்வு பெறும்போது மகனுக்குக் கல்யாணம் முடிந்திருக்கும். பட்டாளத்துக்காரர் ஓய்வு பெறும்போது மகன் ஏழாம் வகுப்பில் இருக்கிறான், அம்மாவுக்கு மருத்துவச் செலவு இருக்கிறது, தங்கச்சிக்குச் செய்த சீர்வரிசைக் கடன் பாக்கி இருக்கிறது, வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. அவருக்கு இன்னும் முப்பது வருட வாழ்வு கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சொல்லித்தர யாரும் இல்லை.

இப்போது வீட்டுக்குள் வருவோம். ஜவானுக்கு ஆண்டு விடுப்பு 60 நாள், அதோடு கொஞ்சம் தற்செயல் விடுப்பு. அந்த இரண்டு மாதமும் வீடு திருவிழா. கறி எடுப்பது, குலசாமி கோயிலுக்குப் போவது, சொந்தக்காரர் வீடுகளுக்கு மிட்டாய்ப் பெட்டியோடு போவது என்று கழிந்துவிடும். மிச்சம் பத்து மாதம் அந்தப் பெண் ஒற்றை ஆளாக வீட்டை நடத்துகிறாள். ரேஷன் கார்டு, பேங்க், பள்ளிக்கூடத்துக் கையெழுத்து, மாமியார் சர்க்கரை நோய், கொழுந்தன் வரப்பை நகர்த்திவிட்ட வழக்கு, கண்மாய் மடையில் தண்ணீர்ச் சண்டை எல்லாம் அவள்தான் பார்க்கிறாள். பதினைந்து வருடம் இப்படி நடத்திய பிறகு ஒருநாள் அவர் பெட்டியோடு வந்து இறங்குகிறார். இனிமேல் போக மாட்டார்.

முதல் மாதம் எல்லோருக்கும் சந்தோஷம். மூன்றாம் மாதத்தில் சின்னச் சின்ன உரசல் வரும். அவர் நாலு மணிக்கு எழுந்துவிடுவார். செருப்பு வரிசையாக இருக்க வேண்டும். பிள்ளை ஆறரை வரைக்கும் தூங்கினால் சத்தம் போடுவார். பீரோ சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதில் மனத்தாங்கல் வரும். பிள்ளைகள் எதற்கும் அம்மாவைத்தான் கேட்பார்கள்; அப்பா முன்னால் நின்றாலும் அம்மா முகத்தைப் பார்ப்பார்கள். அது அவருக்குக் குத்தும். அவள் பக்கமும் ஒரு வலி இருக்கிறது. ஒரு அக்கா என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "அவுக இல்லாதப்ப அவுகளை நெனச்சு அழுதேன் தாயி. இப்ப அவுக இருக்கும்போது எதுக்கு அழுகுறேன்னு எனக்கே தெரியல." இதில் யாரும் கெட்டவர் கிடையாது. இரண்டு பேரும் தனித்தனியாக வாழப் பழகிவிட்டார்கள், சேர்ந்து வாழ மறுபடியும் பழக வேண்டியிருக்கிறது. அதற்குக் காலம் வேண்டும், பக்கத்தில் ஒரு ஆளும் வேண்டும்.

வீட்டுக்கு வெளியே அவர் நிலை இன்னும் கடினம். நேற்றுவரை முப்பது பேருக்கு உத்தரவு போட்ட ஹவில்தார், இன்று மில் வாசலில் லாரி நம்பர் எழுதும் செக்யூரிட்டி. அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. தமிழ்நாட்டு அரசே 1986-இல் டெக்ஸ்கோ கழகத்தைத் தொடங்கியது முன்னாள் படைவீரருக்கு இந்த மாதிரி வேலை வாங்கித்தரத்தான். பல குடும்பம் அதில்தான் நிமிர்ந்தது. ஆனால் பனிமலையில் வயர்லெஸ் செட்டைப் பிரித்துப் பழுது பார்த்த கைக்கு, பாலத்தைக் கட்டிய கைக்கு, இங்கே வேறு வேலை இல்லையே என்கிற குமைச்சல் ராத்திரியில் வெளிவருகிறது. பலருக்கு அது குடியாக வெளிவருகிறது. கேண்டீன் கோட்டா பாட்டிலை ஊரில் மரியாதைப் பொருளாக்கிவிட்டோம். 'மிலிட்டரி சரக்கு' ஒன்று கொண்டுவாருங்கள் என்று கேட்காத சொந்தக்காரர் உண்டா? கேட்டு வாங்கிக் குடித்த அதே ஊர்தான் பிறகு அவரைக் குடிகாரர் என்கிறது. குடிக்கு முன்னால் தூக்கம் போயிருக்கும். தூக்கத்துக்கு முன்னால் வேறு ஏதோ போயிருக்கும். அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ராணுவ வீரர் மனநலம் என்றதும் நாம் எல்லைக்கோட்டில் வெடிக்கும் குண்டைத்தான் நினைக்கிறோம். சியாச்சினில் 1984 முதல் நம் ஆட்கள் நிற்கிறார்கள்; பனிச்சரிவும் மூச்சுத்திணறலும் குண்டைவிட அதிகம் பேரை அங்கே கொன்றிருக்கின்றன. 1999 கார்கிலில் இருந்து திரும்பியவர்கள் நம் மாவட்டங்களில் உண்டு. அந்த அனுபவம் மனத்தில் தங்கும், மறுக்கவில்லை. ஆனால் முப்படைகளில் 2010 முதல் பத்தாண்டுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டதாக நாடாளுமன்றத்தில் அரசு சொன்னபோது, காரணங்களாக அடுக்கப்பட்டவற்றில் குடும்பச் சச்சரவும் மணவாழ்க்கைச் சிக்கலும் பணநெருக்கடியும் இருந்தன. இங்கே கொழுந்தன் வரப்பை நகர்த்தினால் அது அங்கே காவல் கூண்டில் நிற்பவரின் நெஞ்சுக்குப் போகிறது. அவர் ஒன்றும் செய்ய முடியாத தூரத்தில் இருக்கிறார். ஆகவே போர்முனைக்கு அனுப்பும் மருத்துவர் மட்டும் போதாது. திருச்சுழித் தாலுகாவில் ஒரு ஆள் வேண்டும்.

நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. புறநானூற்றில் 281-ஆவது பாட்டு அரிசில்கிழார் பாடியது. போரில் ஆழமாகப் புண்பட்ட ஒருவன் வீட்டில் கிடக்கிறான். ஒரு பெண் தன் தோழியைக் கூப்பிடுகிறாள். வீட்டில் இரவந்தழையும் வேப்பந்தழையும் செருகுவோம், யாழ் ஒலிக்கட்டும், மை பூசுவோம், வெண்கடுகு தூவுவோம், குழல் ஊதுவோம், மணி அடிப்போம், பண் பாடுவோம், வீடு முழுக்க நறும்புகை போடுவோம், அவன் புண்ணைக் காப்போம் வா என்கிறாள். புண்பட்டவனைப் பேய் தொடாமல் காக்கும் இந்தச் செயலுக்குத் தொடாக்காஞ்சி என்று தனித்துறையே வகுத்திருக்கிறார்கள். வேப்பிலை கிருமியைக் கொன்றதா இல்லையா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. கவனியுங்கள்: புண்பட்டவனைத் தனியே விடவில்லை. மனைவியைத் தனியே விடவில்லை. பெண்கள் கூடி அவனைக் காக்கிறார்கள். நக்கீரரின் நெடுநல்வாடையில் வேந்தன் நள்ளிரவில், வாடைக்காற்றும் தூறலும் அடிக்கும் பாசறையில், தூங்காமல், புண்பட்ட வீரரை ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்கிறான். ஈராயிரம் ஆண்டுக்கு முன்பு அரசனும் தோழிப் பெண்ணும் செய்ததை நாம் இன்று யாரிடம் விட்டிருக்கிறோம்?

இந்த இடத்தில் நான் நெடுநாளாகப் பேச நினைத்த ஒன்றைப் பேசிவிடுகிறேன். அமைதிப்படை.

1987 ஜூலையில் இந்திய இலங்கை ஒப்பந்தம் ஆனது. அமைதிப்படை என்ற பெயரில் நம் படை யாழ்ப்பாணம் போனது. அக்டோபரில் அங்கே சண்டை தொடங்கியது. 1990 மார்ச்சில் கடைசிப் படைப்பிரிவு திரும்பியது. இடையில் 1,100-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். 1987 நவம்பர் 25 அன்று மாண்ட மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம் வீர் சக்ரா கிடைத்தது. அந்தப் போரில் அவ்விருதைப் பெற்றவர் அவர் ஒருவர்தான். போனவர்களில் நம் பக்கத்து ஆட்கள் உண்டு. இன்று அவர்களுக்கு அறுபதும் எழுபதும் ஆகிறது. கூடப் போன பஞ்சாபிக்கும் கூர்க்காவுக்கும் அது அந்நிய நாடு. நம் ஆளுக்கு அது தன் அம்மா பேசும் மொழி. வீட்டைச் சோதனை போடும்போது உள்ளே இருந்து வரும் அழுகை அவருக்கு மட்டும் புரிந்தது. மொழிபெயர்த்துச் சொல்லும் வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது. ஒருவர் என்னிடம் சொன்னார்: "ஒரு கெழவி என் கையப் புடிச்சுக்கிட்டு 'ராசா, நீ தமிழ்ப்பிள்ளைதானே'ன்னு கேட்டுச்சும்மா. நான் இந்தியில பதில் சொன்னேன்." இதை அவர் மனைவிக்குக்கூடச் சொன்னது கிடையாது.

யாழ்ப்பாண மக்கள் பட்டதை மறைத்துவிட்டு இதைச் சொல்ல எனக்கு மனம் வராது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள்ளேயே நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் நம் படையின் துப்பாக்கியால் கொல்லப்பட்டார்கள். அந்தக் குடும்பங்களின் துக்கம் பெரிது. அதோடு ஒப்பிட நான் எதையும் இங்கே வைக்கவில்லை. ஆனால் அரசு அனுப்பிப் போன ஒரு சிப்பாய், தான் செய்ததையும் தடுக்க முடியாமல் பார்த்ததையும் சுமந்துகொண்டு திரும்பி வந்தார். 1990 மார்ச்சில் அமைதிப்படை சென்னையில் வந்து இறங்கியபோது அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஈழத்தமிழரைக் கொன்ற படையை எப்படி வரவேற்பேன் என்பது அவர் நிலை. அந்த முடிவு சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல இது இடம் இல்லை. பத்தொன்பது, இருபது வயதில் போன நம் பையன்கள் ஊருக்கு வந்தபோது டீக்கடையில் என்ன நடந்தது என்பதைத்தான் சொல்கிறேன். சிலரை ஊர் முறைத்தது. பலரை ஒன்றுமே கேட்கவில்லை. அவர்களும் எங்கே இருந்தோம் என்பதையே சொல்லாமல் "நார்த்ல இருந்தேன்" என்று சொல்லிவிட்டார்கள். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் பேசாமல் இருந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குற்றவுணர்ச்சிக்கும் அவமானத்துக்கும் பென்ஷன் பாஸ்புக்கில் பத்தி கிடையாது. அதை இறக்கி வைக்க ஒரு காது வேண்டும். அவர்கள் வயதைப் பார்க்கும்போது எனக்கு அவசரமாக இருக்கிறது.

அந்தப் போரின் மறுகரையில் ஒருவர் இந்த வேலையைச் செய்தார். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம். போர்க்காலம் முழுக்கப் பெரும்பாலும் அங்கேயே இருந்தவர். ஊர்பூராவும் காயம்பட்டிருக்கும்போது ஒவ்வொருவரையும் ஆஸ்பத்திரி அறைக்கு அழைத்துத் தீர்க்க முடியாது என்று கண்டு, ஆசிரியர்களையும் கிராமப் பணியாளர்களையும் பயிற்றுவித்தார். அவர்கள் கையில் இருக்கட்டும் என்று தமிழிலேயே 'மனவடு' என்ற நூலை எழுதினார். சாந்திகம் என்ற உளவள நிலையம் அங்கே அந்தக் காலத்தில்தான் உருவானது. நம் தமிழில், நமக்கு மிக அருகில், செய்து பார்த்த முறை இருக்கிறது. அமெரிக்கா வியட்நாம் போரில் இருந்து திரும்பியவர்களுக்கு 1979-இல் மையங்கள் தொடங்கியது. ராணுவ ஆஸ்பத்திரிக்குள் வைக்காமல் கடைத்தெருவில் வைத்தார்கள். ஆலோசகர்களில் பலர் தாங்களே போருக்குப் போய்வந்தவர்கள். மனைவிக்கும் பிள்ளைக்கும், வீரர் இறந்துபோனால் அந்தக் குடும்பத்துக்கும், அங்கே இடம் உண்டு. தூரத்துக் கிராமங்களுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் போகின்றன. அந்த நாட்டுப் பணம் நம்மிடம் இல்லை, ஆனால் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததும் பழைய வீரரையே துணைக்கு வைத்ததும் பணத்தால் ஆன காரியங்கள் இல்லை.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். விருதுநகரில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. ஆட்சியர் முன்னிலையில் குறைதீர் கூட்டம் நடக்கிறது. டிசம்பர் 7 கொடிநாள் நிதி 1949 முதல் வருகிறது. 2003 முதல் பங்களிப்பு மருத்துவத் திட்டம் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2024 சுதந்திர நாளில் அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை கடன், அதில் 30 விழுக்காடு மூலதன மானியம். இவ்வளவும் நல்ல காரியங்கள். ஆனால் இவை எல்லாமே மனுவாக வரும் குறையைத்தான் கேட்கின்றன. பென்ஷன் நிலுவை, பட்டா, கல்வி உதவித்தொகை என்று எழுதலாம். 'என் வீட்டுக்காரர் ராத்திரி எழுந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார்' என்று எந்த மனுவில் எழுதுவது?

அதற்காக மனு சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் பார்த்தவரை மனம் திறப்பது பெரும்பாலும் காகிதத்தில்தான் தொடங்குகிறது. டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி பெயர் மாரி என்று இருக்கும், ஆதாரில் மாரியம்மாள் என்று இருக்கும். கல்யாணத்தையும் பிள்ளை பிறந்ததையும் அந்தக் காலத்தில் பார்ட் டூ ஆர்டர் என்ற படைப் பதிவில் ஏற்றாமல் விட்டிருப்பார். அவர் கண்ணை மூடிய பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்கு அந்த அம்மா ரெக்கார்டு ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் எழுதி எழுதி ஓய்ந்துபோவார். இப்போது பென்ஷன் எல்லாம் ஸ்பர்ஷ் கணினி முறைக்குப் போய்விட்டது. வருடா வருடம் உயிர்ச்சான்று கொடுக்க நரிக்குடிப் பக்கத்தில் இருந்து வயதான ஒருத்தி அருப்புக்கோட்டை வந்து பஸ் மாறி விருதுநகர் போகிறாள். அந்தப் படிவத்தைப் பொறுமையாக உட்கார்ந்து நிரப்பிக் கொடுப்பவரிடம்தான் அவள் மற்றதையும் சொல்கிறாள். ரமண மகரிஷியின் தகப்பனார் சுந்தரமையர் இதே திருச்சுழியில் மனு எழுதிக்கொடுத்துத்தான் தொழிலில் முன்னுக்கு வந்தார், பிறகு ஊர் வழக்குகளை நடத்தினார், வந்தவருக்கெல்லாம் அவர் வீடு திறந்திருந்தது என்று வரலாறு சொல்கிறது. மனு எழுதுபவர் ஊரின் பாரம் தெரிந்தவர். ஆகவே ஓய்வூதியக் காகிதத்தையும் மன ஆறுதலையும் இரண்டு வாசலாகப் பிரிக்காதீர்கள் என்பதே என் கோரிக்கை. கவுன்சிலிங் என்று பலகை போட்டால் இந்த ஊரில் ஒருவரும் வரமாட்டார். பென்ஷன் காகிதம் பார்க்கப்படும் என்று சொல்லுங்கள், வருவார்கள்.

சிலருக்குக் காகிதமே காயம். பணியில் இருக்கும்போது மனநோய் வந்து, மெடிக்கல் போர்டு வைத்து அனுப்பப்பட்டவர்கள் இருக்கிறார்கள். நோய் உடற்கூற்றால் வந்தது, பணியால் வந்ததில்லை என்று எழுதி, ஊனத்துக்கான ஓய்வூதியத்தை மறுப்பது நெடுநாள் வழக்கம். தரம்வீர் சிங் என்பவர் வலிப்பு நோயால் அனுப்பப்பட்டவர். 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவர் வழக்கில், சேரும்போது உடல்நலத்தோடு சேர்ந்ததாகப் பதிவு இருந்தால், பின்னால் வந்த நோய் பணியால் வந்தது என்றே முதலில் கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டும் பொறுப்பு அரசினுடையது என்று சொன்னது. அதற்குப் பிறகு விதிகள் மாறியிருக்கின்றன. ஒவ்வொருவர் நிலையும் தனி. ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2009 முதல் நடக்கிறது, சென்னையில் அதற்கு அமர்வு இருக்கிறது. பழைய மறுப்புக் கடிதத்தைப் பெட்டியில் வைத்திருப்பவர்கள் அதை எடுத்துக்கொண்டு வாருங்கள், விவரம் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டுவோம். பணம் மட்டும் இதில் இல்லை. 'உன் குறை' என்று எழுதி அனுப்பிய காகிதத்தை ஒரு மனிதர் ஆயுள் முழுக்க நம்பிக்கொண்டிருக்கிறார்.

மனநோய்க்குக் கோடாங்கியிடம் போகிறவர்களை நான் ஏசமாட்டேன். உடுக்கைச் சத்தத்துக்கு நடுவில் குடும்பமே சுற்றி உட்கார்ந்து ஒருவரின் துன்பத்தைக் கேட்கிறது, அது நல்லதுதான். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள், கட்டிப்போடும் இடத்துக்கு ஒருநாளும் கொண்டுபோகாதீர்கள். பக்கத்து ராமநாதபுரத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் தீயில் எரிந்து செத்தார்கள். இன்று ஏர்வாடியிலேயே பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கிறது. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநலத் தொலைபேசிச் சேவையில் தமிழிலேயே பேசலாம். பட்டாளத்தாருக்கும் குடும்பத்துக்கும் என்று புனேயில் தனிப் பிரிவும் 2023 டிசம்பரில் தொடங்கியது. பெண்களுக்கு ஒன்று தனியாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் "நான் இருந்து என்ன" என்று பேச ஆரம்பித்தால், வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தால் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. பூச்சிமருந்து டப்பாவை வீட்டில் வைக்க வேண்டாம். அவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

குடி விஷயத்தில் டாக்டர் இல்லாமல் ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறோம். கோவாவில் செய்து பார்த்தார்கள். ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு வந்த, கெடுதலாகக் குடிக்கும் ஆண்களுக்கு, மருத்துவப் படிப்பு இல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் சில அமர்வு பேசினார்கள். 2017-இல் லான்செட் இதழில் வந்த முடிவு: மூன்று மாதம் கழித்து, பேச்சுதவி கிடைத்தவர்களில் 36 விழுக்காட்டினர் குடிச் சிக்கலில் இருந்து மீண்டிருந்தார்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 26. பெரிய வித்தியாசம் இல்லையே என்று யாராவது நினைத்தால், நூறு வீட்டில் பத்து வீடு கூடுதலாக நிம்மதியாகத் தூங்குவதை நினைத்துப் பாருங்கள்.

நம் ஊரில் அந்த ஆள் யார்? நல அலுவலகத்தில் நல அமைப்பாளர்கள் இருக்கிறார்கள். தாங்களே பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள், ஊர்களுக்குப் போகிறவர்கள். அவர்களுக்குக் கேட்கப் பயிற்சி கொடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வேலை பார்க்கும் பெண்கள் பிரஷர் மாத்திரையோடு வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். எந்த வீட்டில் பட்டாளத்துக்காரர் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும், தூக்கத்தைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அப்புறம், இங்கே இருக்கும் தாய்மார்களில் பத்து வருடத்துக்கு முன்பே இந்தக் கஷ்டத்தைக் கடந்து வந்தவர்கள் இருக்கிறீர்கள். போன மாதம் புருஷன் பென்ஷன் வந்த பெண்ணுக்கு உங்களைவிட நல்ல ஆலோசகர் கிடையாது. புருஷனை இழந்த பெண்ணுக்கும் அப்படித்தான். 2020 ஜூன் 15 கல்வான் எல்லை மோதலில் மாண்ட ஹவில்தார் பழனி நம் பக்கத்துக் கடுக்கலூர்க்காரர். அப்படி ஒரு சாவு விழுந்தால் குண்டு முழங்க மரியாதை நடக்கிறது, தலைவர்கள் வருகிறார்கள். பதினாறாம் நாளுக்குப் பிறகு அந்த மாதிரி வீடுகளுக்கு யார் போகிறோம்? போக வேண்டியது அப்போதுதான். காரியம் சொல்லிக்கொண்டு போக வேண்டாம், சும்மா போய் உட்கார்ந்தால் போதும்.

கடைசியாக ஒன்று, இதற்குத் தேதி குறித்தாகிவிட்டது. 2022 ஜூனில் வந்த அக்னிபத் திட்டத்தில் முதலில் சேர்ந்த தரைப்படைப் பையன்கள் 2023 தொடக்கத்தில் பயிற்சிக்குப் போனார்கள். அவர்கள் பணிக்காலமான நாலு வருடத்தைக் கணக்குப் பார்த்தால் 2027 தொடக்கத்தில் வெளியே வருவார்கள். நிரந்தரமாக வைத்துக்கொள்வது 25 விழுக்காடு வரைதான். மற்றவர்கள் 11 லட்சத்துச் சொச்ச ரூபாயோடு, இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதில், ஓய்வூதியம் இல்லாமல் இதே கண்மாய்க்கரைக்குத் திரும்புவார்கள். திட்டத்தின் விதிப்படி அவர்களுக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதி கிடையாது, பங்களிப்பு மருத்துவத் திட்டமும் கிடையாது. ஆகவே நான் இதுவரை சொன்ன அலுவலகக் கதவுகளில் பல அவர்களுக்குத் திறக்காது. மத்தியப் படைகளில் இடஒதுக்கீடு சொல்லியிருக்கிறார்கள், கிடைக்கிறவர்களுக்குக் கிடைக்கட்டும். கிடைக்காமல் ஊரில் வந்து உட்காரும் பையனைப் பார்த்து "நாலு வருஷத்துல தள்ளிவிட்டுட்டாகளா?" என்று கேட்கப்போவது நாம்தான்.

அடுத்த குறைதீர் கூட்டத்துக்கு இங்கிருந்து ஒரு மனு எழுதிக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். திருச்சுழித் தாலுகா அலுவலக வளாகத்திலேயே மாதம் ஒருநாள் ஓர் அறை. காகிதம் பார்க்க ஒருவர், கேட்கப் பயிற்சி பெற்ற ஒருவர், அதில் ஒரு பெண் கட்டாயம். மாவட்ட மனநலத் திட்டத்தில் இருந்து மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வரட்டும். அக்னிவீரர்களுக்கும் அந்த அறையில் இடம் உண்டு என்று தெளிவாக எழுதிவிடுவோம். மனுவை நானே எழுதித் தருகிறேன். கையெழுத்தை மட்டும் ஆண்களிடம் வாங்கி நிறுத்திவிடாதீர்கள், தாய்மார்கள் கையெழுத்து முதலில் இருக்கட்டும்.